கடல் மறுத்த நாளில் திருநின்றவூர்

விடுமுறை என்னும் சொல் செவியிற் பட்டவுடன் மாணவர் உள்ளம் கடற்கரையை நாடுதல் இயல்பு. சென்னையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பயில்வோர்க்கு அவ்வாசை பின்னும் மிகுதி. மெரீனாவின் மணற்பரப்பு, கோவளத்தின் அலை, மாமல்லபுரத்துக் கற்கோயில்கள், வடக்கே பழவேற்காட்டின் உப்பங்கழி எனக் கண்ணுக்கினிய இடங்கள் பல ஒரு நாட் பயணத்துள் அடங்கிக் கிடக்கின்றன. ஆயின் தேர்வு முடிந்து சிறிது ஓய்வு கிடைக்கும் காலமும், வானம் கறுத்துக் கடல் குமுறும் காலமும் நம் நாட்டில் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. பல நாள் எண்ணிப் பொருள் சேர்த்து வண்டியும் பேசி முடித்த பின்னர், கடலருகே எவரும் செல்லலாகாது என்னும் அறிவிப்பு வந்துவிடுகின்றது. அந்நிலையில் நாம் செய்யத்தக்கது யாது? மழையை நொந்துகொண்டு அறையுள் முடங்குவதா? அன்றி, அம்மழையே காட்டும் வேறொரு வழியிற் சென்று நாட்டின் பண்பாட்டைக் கண்டு மகிழ்வதா? இவ்வினாவிற்குத் திருநின்றவூரை எடுத்துக்காட்டாக வைத்து விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இம்மழையின் இயல்பை அறிதல் வேண்டும். இந்தியாவின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றால் மழை பெற, தமிழ்நாட்டின் கடற்கரைப் பகுதியோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றையே பெரிதும் நம்பி வாழ்கின்றது. சென்னை ஓராண்டிற் பெறும் மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதிற் பாதிக்கு மேற்பட்டது இம்மூன்று திங்களிலேயே பெய்துவிடும். அதுவும் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பெய்வதன்று. வங்கக் கடலிற் காற்றழுத்தத் தாழ்வு தோன்றி, மண்டலமாக வலுத்து, ஒரோவழிப் புயலாக மாறிக் கரையை நெருங்குங்கால், திங்கள் முழுதும் பெய்ய வேண்டிய மழை இரண்டொரு நாளிற் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையேறியது. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. 2023 டிசம்பர் 5-இல் ஆந்திர நாட்டுப் பாபட்லாவருகே கரை சேர்ந்த மிக்ஜாம் புயல், அதற்கு முன்னிரு நாட்களிலும் சென்னையை வெள்ளக்காடாக்கிச் சென்றது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. இவ்வாறு கார்த்திகை மார்கழித் திங்கள்களிற் கடல் நமக்கு இடங்கொடாது போதல் அரிய நிகழ்ச்சியன்று; எதிர்பார்க்கத்தக்கதே ஆகும்.

கடல் மறுக்கும்பொழுது அம்மறுப்பை மதித்தலே பண்பாட்டின் முதற்படி. துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை ஏற்றும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. கூண்டு ஏறிற்றென்று கேட்டவுடன், அலையோடு பிறந்து அலையோடு வளர்ந்த மீனவரே படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டு வீடு திரும்புகின்றனர். அன்றையக் கூலி போயிற்றே என்னும் கவலை அவர்க்கு உண்டு, எனினும் செல்வதில்லை. நமக்கோ இழப்பு ஒரு நாள் விளையாட்டேயாம். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியைப் பெரும்புயல் தாக்கியபொழுது, பயணிகளோடு வந்த இரயில் வண்டியைக் கடல் விழுங்கியதும், கோயிலும் கடையும் நிலையமும் கொண்ட அவ்வூரே அழிந்ததும் நாம் மறக்கத்தக்க செய்திகள் அல்ல. ஆதலின் புயல் வீசும் நாளில் வீட்டை விட்டு வெளிவாராமையே அறிவுடைமை. நாம் ஈண்டுப் பேசுவது அதற்குப் பின் வரும் நாட்களைப் பற்றியதாகும். காற்று அடங்கி, மழையும் தூறலாகக் குறைந்த பின்னரும் கடலின் சீற்றம் சில நாள் தணியாது. கடற்கரை அடைக்கப்பட்டிருக்கும், உள்நாட்டுப் பாதைகளோ திறந்துவிடும். அந்நாட்களே நம் கருத்திற்கு உரியவை.

மழைக் காலத்தைப் பயனற்ற காலமாகக் கருதும் மனப்பான்மை நம் முன்னோரிடம் இருந்ததில்லை. அண்டை நாடாகிய கேரளத்திற் கர்க்கடகத் திங்களின் அடைமழையில் வீடுதோறும் இராமாயணம் ஓதுதல் மரபாயிற்று. அத்திங்களை இராமாயண மாதமென்றே வழங்குவர். விவிலியத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. பவுல் அப்போஸ்தலர் ஏறிவந்த கப்பல் புயலில் உடைய, மெலித்தா தீவிற் கரை ஒதுங்கியவர்களை, மழையும் குளிரும் வாட்டிய அவ்வேளையில் அத்தீவினர் தீ மூட்டி வரவேற்றனர் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அத்தீவைக் காணவேண்டுமென்று எவரும் புறப்பட்டாரல்லர்; ஆயினும் அவ்வூராரின் விருந்தோம்பல் இன்றளவும் நினைக்கப்படுகின்றது. எண்ணிய இடத்தை அடையாமை, எண்ணாத இடத்தின் நன்மையை அறிதற்கு வாயிலாதலும் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் வகுப்பினர் அறுவர் மாமல்லபுரம் செல்ல நினைத்திருந்த ஒரு விடுமுறையிற் கடல் இவ்வாறு தடுத்தது. கடற்கரைக் கோயிலைக் காணவியலாதெனின், அதனோடு உறவுடைய வேறோர் ஊரைக் காண்போம் என்று முடிவு செய்து திருநின்றவூருக்குப் புறப்பட்டோம். மாமல்லபுரம் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ளது. திருநின்றவூரோ மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், அலையோசை எட்டாத உள்நாட்டில் உள்ளது. இவ்விரண்டிற்கும் உறவு யாதென நண்பர் சிலர் நகைத்தனர். அவ்வுறவு எத்துணை நெருங்கியது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

திருநின்றவூர் செல்லும் இரயில் பாதையே வரலாற்றுச் சிறப்புடையது. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்தினின்றும் வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி ஓடியது இவ்வழியேயாம். அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் என்னும் நிலையங்களைக் கடந்து செல்லுங்கால், இருமருங்கும் தொழிற்சாலைகளும் புதுக்குடியிருப்புகளும் மிடைந்து தோன்றும். இடையிடையே மழைநீர் நிறைந்த தாழ்நிலங்களும், அவற்றில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகளும் காட்சி தரும். ஊரின் பெயர் மக்கள் நாவில் 'தின்னனூர்' எனத் திரிந்து வழங்குகின்றது. அத்திரிந்த வடிவை மட்டும் கேட்போர், அதனுள் 'திரு' என்பதும் 'நின்ற' என்பதும் மறைந்து கிடத்தலை அறியார்.

'திரு' என்பது திருமகள். அவள் வைகுந்தத்தை விட்டு நீங்கி வந்து நின்ற ஊர் ஆதலின் திருநின்றவூர் ஆயிற்று என்பது கோயில் வழிவரும் கதை. பாற்கடலிற் பிறந்தவளாகக் கூறப்படும் அவளைத் தேற்றி அழைத்துச் செல்லத் தந்தையாகிய கடலரசன் இவ்வூருக்கு வந்தானாம். வந்தவன் 'என்னைப் பெற்ற தாயே' என்று மகளை அழைத்தானாம். அதனால் பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் எழுந்தருளியுள்ள தாயாருக்கு இன்றும் 'என்னைப் பெற்ற தாயார்' என்பதே திருப்பெயர். தீர்த்தத்தின் பெயரும் வருண புட்கரிணி. மகளைத் தாயென்று விளித்தல் தமிழர் இல்லங்களில் நாள்தோறும் கேட்கும் சொல்லன்றோ? சினந்து சென்ற மகளைத் தந்தையொருவன் 'அம்மா, தாயே' என்று கெஞ்சி அழைக்கும் குரலையே மக்கள் ஒரு தெய்வத்தின் பெயராக்கி வைத்துள்ளனர். கடலைக் காணச் செல்லவியலாத நாம், கடலே நடந்து வந்ததாகச் சொல்லப்படும் ஊரில் நின்று இக்கதையைக் கேட்டபொழுது அடைந்த உவகை சிறிதன்று.

இனி மாமல்லபுரத்தோடு இவ்வூருக்குள்ள உறவைக் காண்போம். மாமல்லபுரத்திற்குக் கடல்மல்லை என்பது ஆழ்வார்கள் இட்ட பெயர். திருமங்கையாழ்வார் அருளிய பெரிய திருமொழியில் திருநின்றவூருக்கெனத் தனிப் பதிகம் இல்லை. கடல்மல்லைத் தலசயனத்தைப் பாடும் பதிகத்தின் இடையிலேதான் நின்றவூர் வருகின்றது. நின்றவூரில் முத்தென விளங்கும் பெருமானைத் தாம் கடல்மல்லையிற் கண்டதாக ஆழ்வார் பாடுகின்றார். இதற்கும் ஒரு சுவையான கதை வழங்குகின்றது. ஆழ்வார் நின்றவூரைப் பாடாது கடந்து செல்ல, தாயார் வருந்திப் பாட்டொன்று பெற்று வருமாறு பெருமாளை அனுப்பினாராம். பெருமாள் பின்தொடர்வதற்குள் ஆழ்வார் கடல்மல்லையை அடைந்துவிட்டார். ஆதலின் பாட்டு ஆங்கே கிடைத்தது. ஏனைய ஊர்களுக்குப் பத்துப் பாட்டிருக்க நமக்கு ஒன்றுதானா என்று தாயார் மீண்டும் அனுப்ப, அதற்குள் ஆழ்வார் சோழ நாட்டுத் திருக்கண்ணமங்கையை அடைந்திருந்தாராம். இரண்டாம் பாட்டு அவ்வூர்ப் பதிகத்துள் அமைந்தது. பாட்டு வேறோர் ஊரின் பதிகத்திற் கிடப்பதற்குக் காரணம் காட்டப் புகுந்த மக்கள், எவ்வளவு அன்போடும் நகைச்சுவையோடும் கதை புனைந்துள்ளனர் பாருங்கள்! உள்நாட்டு ஊரைப் பற்றிய பாட்டு கடற்கரையிற் பிறந்தது. கடற்கரைக்குச் செல்லப் புறப்பட்ட நாம் அவ்வுள்நாட்டு ஊரை அடைந்தோம்.

வைணவர்க்குப் போலவே சைவர்க்கும் இவ்வூர் பெருமையுடையது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையிற் பெயர் கூறும் பூசலார் பிறந்த ஊர் இதுவே. அவர் வரலாற்றை விரித்துரைத்த சேக்கிழாரும் இதற்கு அணித்தாகிய குன்றத்தூரினர். சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பிய பூசலாரிடம் பொருள் இல்லை; தேடியும் கிடைத்திலது. ஆதலின் மனத்துள்ளே கல்லும் மரமும் சேர்த்தார்; தச்சரை அமைத்தார்; நன்னாளில் அடிப்படை இட்டார்; சிகரமும் மதிலும் கிணறும் குளமும் ஒவ்வொன்றாய் முடித்துக் குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளைக் காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர் கோமானும் தன் கோயிலுக்குக் குறித்திருந்தான். இறைவன் அரசன் கனவில் தோன்றி, 'நின்றவூரில் அன்பன் எடுத்த கோயிலுக்கு நாளை செல்கின்றோம். உன் நாளைத் தள்ளி வைப்பாயாக' என்றருளினான். அரசன் நின்றவூர் அடைந்து, பூசல் எடுத்த கோயில் எங்கே என்று வினவ, ஊரார் அப்படியொரு கோயில் இல்லை என்றனர். உண்மை அறிந்த அரசன் பூசலாரின் அடியில் வீழ்ந்து வணங்கினான் என்பது பெரியபுராண வரலாறு.

இக்காடவர் கோமானைப் பல்லவ மன்னன் இராசசிம்மன் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அவனே காஞ்சியிற் கயிலாசநாதர் கோயிலை எடுத்தவன். மாமல்லபுரத்திற் கடற்கரைக் கோயிலை எடுத்தவனும் அவனே என்பர். ஆதலின் நாம் காணச் சென்று காணப்பெறாத கோயிலைக் கட்டிய மன்னனை, நாம் எண்ணாது சென்ற ஊரின் கதையிற் சந்தித்தோம். அவன் கட்டிய கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் உப்புக் காற்றால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகத் தேய்ந்து வருகின்றன. அவற்றைக் காத்தற்கெனக் கற்களை அடுக்கி அலைதடுப்பும், மரங்களை வளர்த்துக் காற்றுத்தடுப்பும் அமைத்துள்ளனர். பூசலார் மனத்துள் எடுத்த கோயிலையோ எக்காற்றும் தேய்க்கவில்லை. திருநின்றவூரிற் பிற்காலத்திற் கல்லால் எழுந்த கோயிலில் இறைவன் இருதயாலீசுவரர் எனப்படுகின்றார். கருவறையுள் பூசலாரின் உருவமும் உள்ளது. இதய நோயுற்றோர் பலர் ஆங்கு வந்து வேண்டிச் செல்வதை இன்றும் காணலாம். மழையில் நனைந்த அம்முற்றத்தில், முதிய தாய் ஒருத்தியை இரு மக்கள் கைத்தாங்கலாக அழைத்து வந்த காட்சி, இவ்வூர்க் கதைகள் ஏட்டில் மட்டும் வாழ்வன அல்ல என்பதை நமக்கு உணர்த்தியது.

கிறிஸ்தவ மாணவராகிய நாம் இக்கோயில்களைக் கண்டது தமிழ் கற்போர் என்னும் முறையில். திருத்தொண்டத்தொகையையும் பெரிய திருமொழியையும் பாடமாகப் பயின்றுவிட்டு, அவை பிறந்த மண்ணை மிதியாதிருத்தல் நிறைவான கல்வியாகாது. பிறர் வழிபடும் இடத்துக்குச் செல்லுங்கால், எவ்வளவு தூரம் வரலாம் என்பதை ஆங்குள்ளாரைக் கேட்டு அறிதலும், கருவறையைப் படம் பிடியாமையும், வழிபடுவோர்க்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்றலும் நம் கடன். இவ்வளவு செய்தால், அர்ச்சகரும் ஊராரும் தாமாகவே முன்வந்து கதை சொல்லுவர். மழை நாளிற் கூட்டம் குறைவாதலின் அவர்க்குச் சொல்லவும் நமக்குக் கேட்கவும் நேரமுண்டு. நண்பகலிற் கோயில் நடை சாத்தப்படும் ஆதலின், காலையிலேயே சென்று சேர்தல் நன்று.

கோயில்களினும் மேலாக நம் உள்ளத்தைக் கவர்ந்தது ஏரியேயாகும். தொண்டை நாட்டிற் பேராறுகள் குறைவு. இருக்கும் ஆறுகளும் ஆண்டிற் பெரும்பகுதி வறண்டவை. ஆதலின் மூன்று திங்களிற் பெய்யும் மழையைப் பன்னிரு திங்களுக்கும் தேக்கி வைத்தாலன்றி இந்நாட்டில் வாழ்வில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டமெனப் பெயர் பெற்றது இதனாலேயே. ஏரி என்பது வெறும் பள்ளமன்று. மழைநீரைக் கொணரும் வரத்துக் கால்வாய், நீரைத் தாங்கும் கரை, வேண்டுமளவு கழனிக்கு விடும் மதகு, மிகுந்த நீர் கரையை உடைக்காது வழிந்தோடக் கலங்கல் என்னும் உறுப்புகள் அதற்குண்டு. மேலூர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் கீழூர் ஏரிக்கு வரத்தாகும். இவ்வாறு ஏரிகள் ஒன்றோடொன்று கோத்த மணிமாலைபோல் அமைந்தன.

ஏரி நிறைந்தால் மகிழ்ச்சி; மிக நிறைந்தால் அச்சம். மழை இரவிற் கரை உடையுமோ என்று விழித்திருந்த மக்களின் அச்சத்திலிருந்து பிறந்த வழிபாடே ஏரி காத்த இராமர். திருநின்றவூரிலும் ஏரியருகே அப்பெயருடைய கோயில் உண்டு. இப்பெயரால் மிகவும் புகழ்பெற்றது மதுராந்தகம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, பெருமழை இரவில் ஏரிக்கரையைக் காணச் சென்றபொழுது, வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்றும், கரை உடையாமையால் மகிழ்ந்து தாயார் சந்நிதியைக் கட்டுவித்தார் என்றும் அவ்வூரார் கூறுவர். கதையின் மெய்ம்மையை ஆராய்தல் நம் வேலையன்று. ஆயின் வேற்று நாட்டவனும் வேற்றுச் சமயத்தவனுமாகிய ஓர் அதிகாரி, ஊராரோடு மழையில் நின்று அவர்தம் ஏரிக்காகக் கவலையுற்றான் என்னும் நினைவை மக்கள் போற்றி வைத்திருத்தல் எண்ணத்தக்கது.

திருநின்றவூர் ஏரிக்கரையில் நின்றபொழுது, குடை பிடித்திருந்த பெரியவர் ஒருவரிடம் நாம் கடலுக்குச் செல்லவியலாமற் போனதைக் கூறினோம். அவர் அதனைப் பொருட்படுத்தாது, 'செம்பரம்பாக்கம் எத்தனை அடி வந்திருக்கிறது, தம்பி?' என்று வினவினார். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. மழை நாளில் இப்பகுதி மக்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பது இவ்வடிக்கணக்கினாலேயாம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அவ்வேரியின் உபரி நீர் அடையாற்றிற் பெருகி நகரை மூழ்கடித்ததைக் கண்டவர்க்கு, அவ்வெண் வெறும் எண்ணன்று. நாம் மழையை விடுமுறைக் கணக்கிற் பார்த்தோம். அவர் ஊரின் உயிர்க் கணக்கிற் பார்த்தார்.

இங்கு மகிழ்ச்சியோடு கவலையும் தோன்றுகின்றது. நகரம் மேற்கு நோக்கி வளர வளர, ஏரியை ஒட்டியும் ஏரிக்குள்ளும் வீடுகள் எழுந்துள்ளன; வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன; கழனிகள் மனைகளாயின. முன்னாளில் ஏரிக்குள் நின்ற நீர், இந்நாளிற் குடியிருப்புகளில் நிற்கின்றது. பெருமழைக்குப் பின் ஏரியை அடுத்த தெருக்களில் முழங்கால் நீரிற் பிள்ளைகளைத் தோளிற் சுமந்து செல்வோரைக் காணலாம். அவர் துன்பத்தை வேடிக்கை பார்த்தலும் படம் எடுத்தலும் பண்பாட்டைக் காணுதல் ஆகா. அத்தெருக்களை விட்டு விலகிச் செல்லுதல், அன்றேல் கைகொடுத்து உதவுதல் ஆகிய இரண்டே நமக்குரியவை. ஏரி காத்த இராமரைப் படைத்த மக்களின் வழித்தோன்றல்கள் ஏரியைக் காவாது விடின், எஞ்சுவது பெயர் மட்டுமேயாகும்.

திருநின்றவூர் ஒன்றே இதற்கு இடமென்பது நம் கருத்தன்று. அதே இரயில் வழியிற் சிறிது முன்னே இறங்கினால், எருக்கந் தூண்களால் புகழ்பெற்ற திருமுல்லைவாயில் உண்டு. சாலை வழியே சென்றால், திருமழிசையாழ்வார் தோன்றிய திருமழிசையும், திருக்கச்சிநம்பிகள் பிறந்த பூவிருந்தவல்லியும் உண்டு. கடற்கரைச் சாலையிலேயே மழையால் தடைப்பட்டோர்க்கு, முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரத்தின் பழந்தமிழ் வீடுகளும், மாமல்லபுரத்துக் கல்தச்சர்களின் உளியோசையும் துணையாகும். வெளியே செல்லவே முடியாதார், 1851-இல் தோன்றிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலத் திருமேனிகளையோ, 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகத்தையோ நாடலாம். எங்குச் செல்லினும், செல்லுமிடத்தைப் பற்றிய பாட்டையோ வரலாற்றையோ முன்னரே படித்துச் செல்லுதல் நன்று; படித்துச் செல்வோர்க்குச் சிறு மண்டபமும் பேசும், படியாது செல்வோர்க்குப் பெருங்கோபுரமும் ஊமையாய் நிற்கும்.

மாணவ நண்பர்களே! மழை நம் விடுமுறையைக் கெடுக்க வந்த பகையன்று. இந்நாட்டின் ஏரிகளை வெட்டுவித்ததும், அவற்றின் கரையில் ஊர்களை அமைத்ததும், அவ்வூர்களிற் கோயிலையும் கதையையும் பாட்டையும் விளைத்ததும் அம்மழையே. வெயில் நாளிற் கடற்கரையில் நின்று கண்டது நம் நாட்டின் ஒரு முகம்; மழை நாளில் ஏரிக்கரையில் நின்று காண்பது அதன் மற்றொரு முகம். இரண்டையும் கண்டவரே நாட்டை அறிந்தவராவர். அடுத்த விடுமுறையிற் கடல் மறுக்குமாயின், வருந்தற்க. குடையை எடுத்துக்கொண்டு, மேற்கு நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறுக. ஏரி நிறைந்திருக்கின்றதா என்று கேட்டு, கண்டு, திரும்பி வந்து பிறர்க்கும் கூறுக.